உள்ளேயே எல்லாம் இருக்கிற டிவி

நீங்க போய்ப் பாக்கலீங்களா அம்மிணி? அதா, வரிசையா மாட்டியிருக்கறாங்களே, அதுக்கு முன்னாடி நிக்கறது உங்க வீட்டுக்காரருதானே? பாத்தாலே தெரியுது, புதுசாக் கல்யாணமானவங்கன்னு. அவரு பாட்டுக்கு ஒவ்வொண்ணாப் பாத்துட்டு இருக்கறாரு, நீங்க பாட்டுக்கு இங்க சோபாவுல உக்காந்து போனைத் தடவிட்டு இருக்கறீங்க. போய்ப் பாருங்க. சரி, இருக்கட்டும், உக்காருங்க. நானும் பல வருசம் இப்படித்தான் ஓரமா இருந்தேன், சோபாகூட இல்லாம.

நான் பாத்து முடிச்சாச்சு. பில்லுப் போட உள்ளார போயிருக்கறாங்க. இந்தக் கடையில இது எனக்கு ரெண்டாவது டிவி. அதனால உங்களுக்கு ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. வாங்கறதுதான் வாங்கறீங்க, உள்ளேயே எல்லாம் இருக்கறதாப் பாத்து வாங்குங்க. தனியா ஒரு பொட்டி வாங்கி, அதுக்கு ஒயரு மாட்டி, அதுக்கு ஒரு ரிமோட்டு, டிவிக்கு ஒரு ரிமோட்டு, அந்தத் தொல்லையே வேண்டாம். இப்பெல்லாம் படம், சீரியலு, பாட்டு, கோயிலு, சமையலு எல்லாம் டிவிக்குள்ளயே வந்துருது. வீட்ல நெட்டு இருந்தாப் போதும். அப்பறம், பேசற ரிமோட்டான்னு கேளுங்க. எல்லாத்துலயும் அது வர்றதில்ல. மைக்குப் படம் போட்ட பட்டன் ஒண்ணு இருக்கும். அது இல்லீன்னா வாங்காதீங்க. அது நெம்ப முக்கியம்.

எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்னு பாக்கறீங்க. போன வருசம் கேட்டிருந்தா எனக்கு ரிமோட்டப் புடிக்கவே தெரியாது. எங்க வீட்ல ரிமோட்டு அவரு கையில.

அவருக்கு மஞ்ச மண்டி. பேரு நான் சொல்ல மாட்டேன், பழக்கமில்ல. இந்த ஊரு மண்டியில தொண்டைக்காரருன்னு கேட்டாச் சொல்லுவாங்க. விரலி மஞ்சளைக் கையில எடுத்து ஒடிச்சுப் பாத்து அவரு ஒரு வெலை சொன்னாருன்னா அடுத்தவன் வாய் தொறக்க மாட்டான். தெருமுனையில நின்னு பேசினா எங்க சமையக்கட்டுல கேக்கும். அத்தனை கொரலு. வெளிய அப்படி. வீட்டுக்குள்ள வந்தாப் பேச மாட்டாரு.

தப்பா நெனச்சுக்காதீங்க. குடி கெடையாது. ஒரு நாள்கூடக் கை ஓங்குனது கெடையாது. பேச மாட்டாரு, அவ்வளவுதான். சோறு வேணும்னாத் தட்டத் தள்ளுவாரு. தண்ணி வேணும்னா டம்ளரை வெரல்ல தட்டுவாரு. கூப்படறதுன்னா 'இந்தா'. அதுதான் என்ற பேரு அந்த வீட்ல. எங்கம்மா வெச்ச பேரு துளசிமணி. எங்கூர்ல துளசி துளசின்னு ஊரே கூப்புட்டுத் தேய்ஞ்ச பேரு. கல்யாணமாகி வந்தப்பறம் அதுக்கு வேலையில்லாமப் போச்சு.

பையன் சின்னவனா இருக்கறப்ப ஒருக்கா அவரு கை கழுவப் போன நேரத்துல நான் டிவியில வேற ஒண்ணு மாத்தீட்டேன். ஏதோ கோலப் போட்டி காட்டினான், பாக்கலாம்னு. வந்தாரு. நின்னாரு. ஒயரைப் புடுங்கி, டிவியத் தூக்கிட்டுப் போயி உள்ரூம்புல வெச்சுப் பூட்டீட்டாரு. அது மறுபடி வெளிய வர அடுத்த மஞ்ச சீசன் ஆச்சு. அதுவரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை கெடையாது. நான் கோபப்படலீங்க. மண்டியில தொண்டை வத்தக் கத்தீட்டு வர்ற மனுசனுக்கு வீட்ல அமைதி வேணும்தானே. அதுக்கப்பறம் அவரு என்ன பாத்தாலும் நான் சமையக்கட்டு நெலையில சாஞ்சு நின்னு பாத்துக்குவேன். நாலு பேரு உக்காந்து சண்டை போடற பேச்சுத்தான் எப்பவும். அதையும் பாக்கப் பழகிக்கிட்டேன்.

போன பொங்கலுக்கு முன்னாடி, மண்டியில ஏலத்துக்கு நடுவுல உழுந்துட்டாரு. மூளையில ரத்தம் அடைச்சுக்கிச்சுன்னாங்க. கோயமுத்தூருக்குக் கொண்டுபோயி உசுரைப் புடிச்சுக் கொண்டாந்தோம். ஆனா வலது கை வரலை, வலது காலு பாதி வந்துச்சு, பேச்சு போயிருச்சு. அத்தனை தொண்டையும் போயி 'ஊ... ஊ'ன்னு ஒரு சத்தம். டாக்டரு சொன்னாரு, புரியறது நல்லாப் புரியும்மா, சொல்லத்தான் வராது, பழக்கினா வரும்னு.

எல்லாரும் எங்கிட்டத் துக்கம் கேட்டாங்க, "அய்யோ, பேச்சு வரலையாமே"ன்னு. நான் தலையாட்டுனேன். மனசுக்குள்ள ஒண்ணு தோணுச்சு, உங்களுக்குச் சொல்றதுக்கென்ன. அவரு பேசாம இருக்கறது எனக்குப் புதுசா?

முன்ரூம்புல கட்டலைப் போட்டுப் படுக்க வெச்சோம். பையன் பூனாவுல வேலை. ஒரு வாரம் இருந்துட்டுக் கெளம்பறப்ப, "அம்மா, அப்பாவுக்குப் பொழுது போகோணும், ஒரு நல்ல டிவியா ஆன்லைன்ல போட்டு உடறேன்"னான். நான் சொன்னேன், "வேண்டாஞ் சாமி, நான் கடைக்குப் போயிப் பாத்து வாங்கறேன்." அவனுக்கு ஆச்சரியம். எனக்கும்தான். அந்த வீட்ல ஒரு சட்டி வாங்கறதுனாலும் அவருதான் வாங்குவாரு. என்ற சீலையெல்லாம் அவரு எடுத்தது. ஒண்ணாவது எனக்கு எடுப்பா இருந்துச்சான்னு கேக்காதீங்க.

பக்கத்து வீட்டு அம்மாவ அவருகிட்ட உக்கார வெச்சுட்டு, நான் மட்டும் பஸ் ஏறி இந்தக் கடைக்கு வந்தேன். இதே சோபா. ஏசி குளுருல சீலைத் தலைப்பப் போத்திக்கிட்டேன். ஒரு தம்பி வந்தான். "அக்கா, என்ன பிளாட்ஃபார்ம் பாக்கறீங்க?"ன்னு கேட்டான்.

"ரயிலு நிக்கற எடமா சாமி?"ன்னேன்.

அவன் சிரிக்கலை. நல்ல பையன். "ஆமாக்கா, அது மாதிரிதான். எல்லா வண்டியும் இங்க வந்து நிக்கும். உங்களுக்கு எது வேணுமோ அதுல ஏறிக்கலாம். ஒவ்வொரு டிவிக்கும் உள்ளார ஒரு பிளாட்ஃபார்ம் இருக்கும். சிலதுல வண்டி கம்மி, சிலதுல அதிகம். சிலது பழகறதுக்கு லேசா இருக்கும், சிலது கொஞ்சம் சிக்கல்." அப்படிச் சொன்னா யாருக்குத்தான் புரியாது.

"வீட்ல யாரு பாப்பீங்க?"ன்னான். சொன்னேன், இப்படி அவரு படுத்திருக்கறாரு, பேச்சு இல்லை, எடது கை மட்டும் வேலை செய்யுதுன்னு. ஒடனே ஒரு டிவிகிட்டக் கூட்டிட்டுப் போனான். சின்ன ரிமோட்டு, பெரிய பெரிய பட்டனு, நாலஞ்சுதான் இருக்கு. "இதை எடுத்துக்குங்கக்கா. எடது கையில சுலபமா அமுக்கலாம். முன்னாடியே நாம செட் பண்ணிக் குடுத்துருவோம். செவப்பு அமுக்குனா நியூசு, பச்சை அமுக்குனா படம். பேச வேண்டியதே இல்லை"ன்னான்.

பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்கு அது என்னமோ பழைய காலத்து ரிமோட்டாட்டத் தெரிஞ்சுது. பக்கத்துலயே பெருசா ஒண்ணு மாட்டியிருந்தாங்க. "அது என்ன?"ன்னு கேட்டேன்.

"அது வாய்ஸ்க்கா. வாயில சொன்னாப் போதும், அதுவே கொண்டாந்து போடும்."

"தமிழ்ல சொன்னாலுமா?"

"சொல்லிப் பாருங்க"ன்னு ரிமோட்டைக் கையில குடுத்து, பட்டனைக் காட்டினான்.

என்ன சொல்றதுன்னே தெரியலீங்க. இத்தனை வருசத்துல உனக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் கேட்டதில்லையே. கடைசியில, "கோலம்"னேன். சத்தமே வரலை, அவ்வளவு மெதுவாச் சொன்னேன். அந்தத் திரை ஒரு சுத்து சுத்துச்சு. அப்பறம் வந்துச்சு பாருங்க, கோலம் கோலமா, கட்டங்கட்டமா, அத்தனையும் கோலம். புள்ளிக் கோலம், சிக்குக் கோலம், மார்கழிக் கோலம். அந்தத் தம்பி முன்னாடியே எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. "அக்காவுக்குப் புடிச்சிருக்குது போல"ன்னான்.

அதையே எடுத்துட்டேன். அவருக்காகத்தான். பெரிய திரையா இருந்தா அவருக்குக் கண்ணுக்கு நல்லதுதானே.

ஆள் வந்து, கட்டலுக்கு நேர் எதுத்தாப்புல சுவத்துல மாட்டிக் குடுத்துட்டுப் போனான். அதுக்கப்பறம் ஒரு மூணு நாலு மாசம், அம்மிணி, என்ற வாழ்க்கையில அப்படி ஒரு காலம் நான் பாத்ததில்ல. காலைல அவருக்குப் பல்லு வெளக்கி உட்டு, இட்டிலி ஊட்டி உட்டு, கட்டலுக்குப் பக்கத்துல நாற்காலியப் போட்டு உக்காந்துக்குவேன். பட்டனை அமுக்கி, கந்தர் சஷ்டின்னு சொல்லுவேன், வரும். பழனிக் கோயிலுன்னு சொல்லுவேன், வரும். முன்னாடி எப்பவோ பாதியில உட்ட சீரியலெல்லாம் மொதல்ல இருந்து வருது. ஒண்ணு முடிஞ்சா அடுத்தது தானா ஆரம்பிச்சுக்குது, எந்திரிக்கவே வேண்டாம். நானும் அவரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஒரே பக்கம் பாத்தோம்னா அது அப்பத்தான். நான் சொல்லுவேன், "பாருங்க, அந்த மாமியாக்காரி என்ன பண்றான்னு." அவரு பாப்பாரு. சில நாளு கண்ண மூடிக்குவாரு. பகல்ல தூங்குனாப் படுக்கைப் புண்ணு வரும்னு சொல்லியிருக்கறாங்க இல்லீங்களா, அதனால சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வெப்பேன். முழிச்சுக்குவாரு.

ஒரு நாள் நான் சமையக்கட்டுல இருந்து எட்டிப் பாக்கறேன், அவரு எடது கையில ரிமோட்டு. பட்டனையும் கண்டுபுடிச்சு அமுக்கிட்டாரு. வாயி கோணிக்கிட்டு, நெத்தியெல்லாம் வேர்த்து, "து... து..."ங்கறாரு. டிவி சுத்துது. 'மீண்டும் முயற்சிக்கவும்'னு எழுத்து வருது. மறுபடி அமுக்கறாரு. "து... ஊ... சி." மறுபடி சுத்துது. மூணாவது தடவையோ நாலாவது தடவையோ, டிவிக்குப் புரிஞ்சுருச்சு. திரை பூராத் துளசிச் செடி. துளசி வளக்கறது எப்படி, துளசியில கஷாயம் வெக்கறது எப்படி, சளிக்குத் துளசி. அவரு அதைப் பாத்தாரு. அப்பறம் என்னையப் பாத்தாரு. ரிமோட்டு கையில இருந்து நழுவிக் கீழ உழுந்துருச்சு. அழறாரு.

எனக்கு நெஞ்சே ஒடைஞ்சு போச்சுங்க. பாவம், மாருல சளி கட்டிக்கிட்டு மூச்சுக்கு எத்தனை கஷ்டப்பட்டாரோ, வாயத் தொறந்து கேக்க முடியாம. அன்னைக்கே கொல்லையில இருந்து துளசி பறிச்சு, மெளகு தட்டிப் போட்டுக் கஷாயம் வெச்சேன். குடிக்க மாட்டேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டாரு. கஷாயம் கசக்கத்தானே செய்யும். தாடையப் புடிச்சு மெதுவா ஊத்துனேன். தெனமும் குடுத்தேன். ஒரு நாளும் உடலை. ரிமோட்டை அப்பறம் நான் இடுப்புலயே சொருகிக்கிட்டேன். அவரு கையில இருந்தா வீணா முயற்சி பண்ணி, வரலீன்னா ஆத்திரம் வந்து, பிரஷரு ஏறுமில்ல.

இதா, உங்க வீட்டுக்காரரு திரும்பிப் பாக்கறாரு. கையக் காட்டுங்க, இங்க இருக்கறேன்னு. ம். அவரு பாக்கட்டும்.

வீட்டுக்கு பெனிட்டான்னு ஒரு பொண்ணு வரும், கையி காலு மடக்கி நீட்டிப் பயிற்சி குடுக்க. நல்ல பொண்ணுதான், ஆனா வாயி சாஸ்தி. வந்ததும் மொத வேலை, "அம்மா, டிவியக் கொஞ்சம் அணைங்க"ம்பா. "அவரோட காதுக்கு மனுசங்க பேச்சு வேணும்மா. டிவி பேசிட்டே இருந்தா அவரு எங்க பேசறது? ஒரு கரண்டியக் காட்டி இது என்னன்னு கேளுங்க. அவரு தப்பாச் சொன்னாலும் பொறுமையா இருங்க. இந்த ஆறு மாசந்தான் முக்கியம், அப்பறம் வர்றது கஷ்டம்"ம்பா.

நானும் செஞ்சு பாத்தேன். செய்யலீன்னு சொல்லக்கூடாது. ஒரு நாள் டிவிய அணைச்சுட்டு, டம்ளரைக் கையில எடுத்துட்டு அவரு முன்னாடி உக்காந்தேன். வீடு அப்படியே கம்முனு ஆயிருச்சு. அவரு என்ற மூஞ்சியவே பாக்கறாரு. நானும் பாக்கறேன். "இது என்னங்க?"ன்னேன். கூச்சமாப் போச்சுங்க எனக்கு. அவருகிட்டக் கேள்வி கேட்டு எனக்குப் பழக்கமில்லையே. அவரு டம்ளரைப் பாக்கவே இல்லை. என்னையப் பாத்துட்டு வாயத் தொறந்து, "து..."ன்னு இழுத்தாரு. மறுபடி கஷாயத்த நெனச்சுட்டாருன்னு, நான் எந்திரிச்சுப் போயி டிவியப் போட்டுட்டேன்.

இத பெனிட்டாகிட்டச் சொன்னேன். அந்தப் பொண்ணு என்னைய ஒரு மாதிரியாப் பாத்துச்சு. "அம்மா, உங்க பேரு துளசிமணிதானே?"ன்னு கேட்டுச்சு. "ஆமா"ன்னேன். "அவரு உங்களைக் கூப்புடறாரும்மா"ன்னுச்சு.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "கண்ணு, நீ சின்னப் பொண்ணு. எங்க கல்யாணத்துல இருந்து இன்னைக்கு வரைக்கும் அந்த மனுசன் என்ற பேரைச் சொன்னதில்ல. தொண்டை நல்லா இருக்கறப்பச் சொல்லாத பேரு, தொண்டை போனப்பறமா வரும்?"னேன். பையி எடுத்துட்டுப் போயிருச்சு.

அப்பறம் ஒரு நாள் டிவிகிட்டயே கேட்டேன், "பேச்சு வராதவங்களுக்குப் பயிற்சி"ன்னு. அதுலயும் வருதுங்க! ஒரு டாக்டரம்மா வெள்ளக் கோட்டுப் போட்டுட்டு, "அ... ஆ... சொல்லுங்க"ங்கறா. எத்தனை தடவை வேணும்னாலும் அலுக்காமச் சொல்றா. அதை அவருக்குப் போட்டு உட்டுட்டு நான் சமையலைப் பாத்துக்குவேன். உள்ளேயே எல்லாம் இருக்கறப்ப வெளிய இருந்து ஆளு எதுக்கு? பெனிட்டாவ வர வேண்டாம்னுட்டேன். மண்டிக்காரங்களும் அப்பப்ப வந்துட்டு இருந்தாங்க. வந்து கட்டலைச் சுத்தி நின்னு, "என்ன அண்ணா, விரலி வெலை ஏறிருச்சு, நீங்க வந்து ஒரு கொரலு குடுங்க"ன்னு சத்தம் போடுவாங்க. அவரு வாயை வாயைத் தொறந்து கடைசியில அழுதுருவாரு. அவங்களையும் வராதீங்கன்னு சொல்லீட்டேன். அழ வெக்கறதுக்கு எதுக்கு விருந்தாளி ஒறம்பரையெல்லாம்?

இப்படி நல்லாப் போயிட்டு இருந்துச்சு. ஆடி மாசத்துல அவரோட அக்கா வந்தா, கொடுமுடியில இருந்து. மயிலாத்தான்னு பேரு. நான் நங்கையான்னு கூப்புடுவேன். சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கறா. அவளுக்குக் காடு தோட்டம்னு வேலை, அப்பறம் முழங்கால் வலி, அதனால ஆஸ்பத்திரியில பாத்ததோட சரி. உள்ள வந்தவ கட்டல்ல உக்காந்தா. என்னமோ அவருகிட்டக் கேட்டா. டிவி சத்தத்துல எனக்கே கேக்கலை. மறுபடி கேட்டா. அப்பறம் டிவியப் பாத்தா, என்னையப் பாத்தா.

"இதைச் சித்தெ நிறுத்து புள்ளே."

"இருங்க நங்கையா, இந்த எபிசோடு முடியட்டும், அவருக்குப் புடிக்கும்"னேன்.

அவ எந்திரிச்சா. சுவத்தோரம் நடந்து போயி, ஒயரைப் புடுங்கிப் போட்டா. பொறந்தவன் பண்ணுனாப்பலயேதான், அதே வேகம், அதே கையி. அப்பறம் திரும்பி வந்து உக்காந்து, அவரு கன்னத்தத் தடவி, "தம்பி, என்னடா இப்படி ஆயிட்டே. தாடையில என்னடா காயம்?"ன்னா.

கஷாயம் ஊத்தறப்ப என்ற நெகம் பட்டிருக்கும். அதுக்குள்ள அதைப் பெருசாக்கறா.

அவரு அவ கையப் புடிச்சுக்கிட்டாரு. உடவே இல்லை. "எங்கூட வர்றியாடா?"ன்னு கேட்டா. ஒரு பேச்சுக்குத்தான் கேட்டிருப்பா. அவரு வாயத் தொறந்தாரு. கழுத்து நரம்பெல்லாம் பொடைச்சுது. "போ..."ன்னாரு. மூச்சு வாங்குனாரு. "போ... லாம்"னாரு.

தெளிவா, அம்மிணி. எழுத்து எழுத்தாத் தெளிவா. நான் நின்ன எடத்துலயே நிக்கறேன். பல்லு வெளக்கி உட்டவ நானு. மலம் அள்ளுனவ நானு. பக்கத்துல உக்காந்து எத்தனை மாசம், எத்தனை சீரியலு. எனக்கு ஒரு வார்த்தை வரலை, அவளுக்கு வந்துருச்சு. அன்னைக்குச் சாயங்காலமே காரை வரச் சொல்லி, ரெண்டு வேட்டியும் மாத்தரையும் எடுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போயிட்டா. கார்ல ஏத்தறப்ப அவரு திரும்பி என்னையப் பாத்தாரு. எதுக்குப் பாத்தாருன்னு தெரியல. நான் உள்ளார வந்துட்டேன். பையனுக்கு நங்கையா போன் போட்டு என்னென்னமோ சொல்லியிருக்கறா. அவன் எனக்குப் போன் பண்ணி, "அம்மா, நீங்க வேணும்னு செய்யலீன்னு எனக்குத் தெரியும்"ங்கறான். எதை வேணும்னு செய்யலை? நான் என்ன செஞ்சேன்னு நீங்களே சொல்லுங்க.

அவரு போனப்பறம் டிவியப் போட்டு உக்காந்து பாத்தேன். புடிக்கலீங்க. என்ன கேட்டாலும் வருது, ஆனா "பாருங்க"ன்னு சொல்றதுக்குப் பக்கத்துல ஆளு வேணுமில்ல. கோலம்னு சொல்லிப் பாத்தேன். அதே கோலந்தான். அணைச்சுட்டுக் காலிக் கட்டலைப் பாத்துட்டு உக்காந்திருப்பேன். அழுகை வருமான்னு பாத்தேன், அதுவும் வரலை.

மனசு கேக்காமப் போன வாரம் கொடுமுடிக்குப் போனேன். ஆரஞ்சு வாங்கிட்டு, அவருக்குப் புடிச்ச முறுக்கு சுட்டு எடுத்துட்டு. வாசல்ல செருப்பக் கழட்டறேன், உள்ளார இருந்து ஒரு ஆம்பளைக் கொரலு. சன்னமா, நிறுத்தி நிறுத்தி, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிப் பேசற கொரலு. மழையில நனைஞ்ச மஞ்சளை வேற மூட்டையில கலந்து வித்தவனை மண்டியில எப்படிப் புடிச்சாங்கன்னு ஒரு கதை. பாதியில வார்த்தை கெடைக்காம நிக்குது, நங்கையா எடுத்துக் குடுக்கறா, கொரலு மறுபடி ஓடுது. நங்கையா சிரிக்கறா. அந்தக் கொரலும் சிரிக்குது.

ஓ, இவங்களும் டிவி வாங்கிட்டாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். உள்ள போனேன்.

டிவி இல்லீங்க. அவரு சாஞ்சு உக்காந்திருந்தாரு, மொகத்துல சிரிப்பு இன்னும் பாதி இருந்துச்சு. என்னையப் பாத்தாரு. வாய மூடீட்டாரு.

"நல்லா இருக்கறீங்களா?"ன்னு கேட்டேன். முறுக்க ஒடைச்சுக் கையில குடுத்தேன். வாங்கி மடியில வெச்சுக்கிட்டாரு. நங்கையா சொல்றா, "இத்தனை நேரம் பேசீட்டுத்தான்டி இருந்தான். காலைல இருந்து ஓயாத பேச்சு. எம் மருமவகிட்டக் கேளு." நான் கேக்கலை. என்ற மனசு ஆறட்டும்னு சொல்றாளாம். பேச்சு வர்ற மனுசன் பொண்டாட்டிகிட்டப் பேச மாட்டாரா? பக்கத்து வீட்டு ரேடியோவா இருந்திருக்கும்.

மத்தியானம் போனவ சாயங்கால பஸ்ஸு வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தேன். அவரு என்ற பக்கம் திரும்பலை. நேரா எதுத்த சுவத்தையே பாத்துட்டு இருந்தாரு. வெறும் சுவரு அம்மிணி. சுண்ணாம்பு அடிச்ச வெறும் சுவரு, ஒரு காலண்டர்கூட இல்லை. நாளெல்லாம் அதையே பாத்துட்டுக் கெடக்கறாரு போல, ஒரு துணையில்லாம. கூட்டிட்டுப் போனாளே, இதுக்குத்தானா?

நங்கையா காப்பி வெக்க உள்ளார போனா. நான் எந்திரிச்சுப் போயி, அந்தச் சுவத்துல ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் சாண் வெச்சு அளந்தேன், எத்தனை இஞ்சு டிவி கொள்ளும்னு. மறந்துறக் கூடாதுன்னு சத்தமா எண்ணினேன். திரும்பிப் பாத்தா, அவரு சுவத்தப் பாக்கலை. என்ற கையவே பாத்துட்டு இருந்தாரு. கண்ணு ரெண்டும் அப்படியே விரிஞ்சுபோயி இருந்துச்சு.

சந்தோசந்தான். வேறென்ன இருக்கும்.